கடல் கடந்து ஓடுவதும் ஊர் திரும்புவதும்

ஓட்டப் போட்டியொன்றில் பங்குபற்றுவதற்காக வெளிநாடு செல்வது என்பது தேசிய அணியில் இடம்பிடித்த ஒரு சிலருக்கு மாத்திரமே உரிய பேறு என்ற எண்ணம் எம்மத்தியில் நீண்டகாலமாக நிலவி வருகின்றது. ஆனால் கடந்த மூன்று தசாப்தங்களில் உலகம் இவ்விடயத்தில் வெகுவாக மாறிவிட்டது. பதக்கத்திற்காக அன்றி, ஓடும் மகிழ்ச்சிக்காகவே ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர் நாடு விட்டு நாடு சென்று ஓடித் திரும்புகின்றனர். பதுளை, பசறை, ஹப்புத்தளைத் தோட்டங்களில் தேயிலைப் பாதைகளில் ஓடிப் பழகிய எமது இளைஞர் யுவதிகளுக்கு இந்த உலகில் இடமுண்டா என்பதைச் சற்று ஆராய்வது பயனுடையதென நாம் கருதுகின்றோம்.

இவ்வகைப் போட்டிகளுள் பெரிதும் அறியப்பட்டவை பொழுதுபோக்குப் பூங்காக்களில் நடைபெறுபவையாகும். அமெரிக்காவின் புளோரிடா மாநிலத்திலுள்ள வோல்ட் டிஸ்னி வேர்ல்ட் பூங்காவில் 1994ஆம் ஆண்டு ஜனவரியில் முதலாவது மரதன் ஓட்டம் நடத்தப்பட்டது. இன்று அது பல நாட்கள் நீடிக்கும் திருவிழாவாக வளர்ந்துள்ளது. 5 கிலோ மீற்றர், 10 கிலோ மீற்றர், அரை மரதன், முழு மரதன் ஆகிய நான்கையும் அடுத்தடுத்த நான்கு நாட்களில் ஓடி முடிக்கும் சவாலும் 2014 முதல் அங்கு இடம்பெறுகின்றது. பூங்கா வழமையான பார்வையாளருக்குத் திறக்கப்படும் முன்னரே பாதைகள் விடுவிக்கப்பட வேண்டியிருப்பதால், விடியுமுன் இருளிலேயே ஓட்டம் ஆரம்பமாகின்றது. கதாபாத்திரங்களின் வேடமணிந்தவர்கள் பாதையோரம் நிற்க, ஓடுபவர்கள் நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டு மீண்டும் ஓடுகின்றனர். பாரிஸிலுள்ள டிஸ்னி பூங்காவிலும் 2016 முதல் இத்தகைய ஓட்டங்கள் இடம்பெற்று வந்துள்ளன.

இதில் நாம் கவனிக்க வேண்டிய உண்மையொன்று உண்டு. புளோரிடா ஓட்டத்தில் நிர்ணயிக்கப்பட்டுள்ள ஆகக்குறைந்த வேகம் மைலொன்றுக்கு 16 நிமிடங்களாகும். அதாவது ஒரு கிலோ மீற்றரைப் பத்து நிமிடங்களுக்குள் கடந்தால் போதுமானது. அது விரைந்து நடப்பவரின் வேகமே. கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்திலுள்ள பதுளை நகரிலும், 1,400 மீற்றருக்கு மேற்பட்ட உயரத்திலுள்ள ஹப்புத்தளையிலும் வாழும் எமது பிள்ளைகள் பாடசாலைக்கும் கடைத்தெருவுக்கும் ஏறி இறங்கும் மலைப்பாதைகளோடு ஒப்பிடுகையில், பூங்காவின் சமதரைப் பாதை ஒரு பொருட்டே அல்ல. சித்திரைப் புத்தாண்டு விளையாட்டு விழாக்களில் வெறுங்காலோடு மரதன் ஓடி முதலிடம் பெறும் தோட்டத்து இளைஞர்களை நாம் கண்டிருக்கின்றோம். ஆகவே எமது பிள்ளைகளைத் தடுத்து நிறுத்துவது காலின் வலிமை அன்று. பணமும் பத்திரங்களுமே அவர்களைத் தடுக்கின்றன.

முதலில் பணத்தை எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவுக்கான வருகை விசா விண்ணப்பக் கட்டணம் 2023 ஜூன் முதல் 185 டொலராகும். முழு மரதனுக்கான பதிவுக் கட்டணம் 200 டொலரைத் தாண்டுகின்றது. டொலரொன்று ஏறத்தாழ 300 ரூபா எனக் கொண்டால், இவ்விரண்டுக்கு மாத்திரமே ஒரு இலட்சத்துப் பதினையாயிரம் ரூபாவுக்கு மேல் தேவை. பெருந்தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்கூலி 2021இல் 1,000 ரூபாவாகவும் 2024இல் 1,350 ரூபாவாகவும் உயர்ந்தது. 2025 நவம்பரில் சமர்ப்பிக்கப்பட்ட வரவு செலவுத் திட்டத்தில் 1,550 ரூபா அடிப்படைச் சம்பளமும் 200 ரூபா வருகைக் கொடுப்பனவுமாக 1,750 ரூபா முன்மொழியப்பட்டது. அந்தத் தொகை ஒரு நாளும் தவறாமல் முழுமையாகக் கிடைத்தாலும் கூட, மேற்சொன்ன இரு கட்டணங்களுக்கும் 65 நாட்களுக்கு மேற்பட்ட உழைப்பு வேண்டும். விமானக் கட்டணமும் தங்குமிடச் செலவும் இதற்குப் புறம்பானவை. விசா மறுக்கப்பட்டால் விண்ணப்பக் கட்டணம் மீளக் கிடைப்பதில்லை. ஓட்டத்திற்கான பதிவுக் கட்டணமும் பொதுவாகத் திருப்பித் தரப்படுவதில்லை.

இரண்டாவது தடை பத்திரங்கள் சார்ந்தது. அமெரிக்கச் சட்டத்தின்படி வருகை விசா கோரும் ஒருவர், அங்கேயே தங்கிவிடும் நோக்கமுடையவர் என்றே முதலில் கருதப்படுகின்றார். தாம் திரும்பி வருவேன் என்பதை நிறுவும் பொறுப்பு விண்ணப்பதாரரையே சாரும். நிரந்தரத் தொழில், வங்கிக் கணக்கு, வீடு, காணி, குடும்பம் என்பவற்றைக் கொண்டே இது நிறுவப்படுகின்றது. ஐரோப்பிய நாடுகளும் ஏறத்தாழ இதே அளவுகோலையே பயன்படுத்துகின்றன. தலைமுறை தலைமுறையாக வாழ்ந்தும் லயன் அறைக்கு உறுதிப்பத்திரம் இல்லாத ஒருவர் எதைக் காட்டித் தமது வேரை நிரூபிப்பது? கடிதங்கள் தோட்டக் காரியாலயத்தின் ஊடாகவே வந்து சேரும் இடங்களில் நேர்முகப் பரீட்சைக்கான அறிவித்தல் காலந்தாழ்த்திக் கிடைப்பதும் உண்டு. பிறப்புச் சான்றிதழில் ஒரு பெயரும், தேசிய அடையாள அட்டையில் வேறு எழுத்துக்களில் அதே பெயரும், பாடசாலைப் பதிவேட்டில் மூன்றாவது வடிவமுமாக இருப்பது தோட்டப்புறங்களில் புதிய செய்தியல்ல. தமிழ்ப் பெயரைச் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதும்போது நேரும் ஓர் எழுத்துப் பிழை, விசா அதிகாரியின் கண்ணுக்குச் சந்தேகத்திற்குரிய பிழையாகத் தோற்றமளிக்கக் கூடும்.

இந்த நிலை தற்செயலாக உருவானதன்று. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டம் மலையகத் தமிழரை நாடற்றவராக்கியது. 1964 ஒக்டோபரில் கைச்சாத்தான சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கு அனுப்பவும் 3,00,000 பேருக்கு இலங்கைப் பிரஜாவுரிமை வழங்கவும் வகை செய்தது. எஞ்சிய 1,50,000 பேரை இரு நாடுகளும் சரிபாதியாக ஏற்பதென 1974இல் முடிவாயிற்று. 2003ஆம் ஆண்டின் சட்டமே நாடற்றவர் என்ற நிலைக்கு முற்றுப்புள்ளி வைக்க முயன்றது. ஒரு காலத்தில் ஊவாத் தோட்டங்களிலிருந்து ரயிலேறித் தலைமன்னார் சென்று கப்பலேறியவர்கள் தாமாக விரும்பிப் பயணித்தவர்கள் அல்லர். திரும்பி வர அவர்களுக்கு வழியும் இருக்கவில்லை. பின்னர் மத்திய கிழக்குக்குப் பணிப்பெண்களாகச் சென்ற எமது சகோதரிகளையும் வறுமையே அனுப்பி வைத்தது. இச்சமூகத்தின் வரலாற்றில் கடல் கடந்த பயணம் என்பது பெரும்பாலும் கட்டாயத்தின் மறுபெயராகவே இருந்துள்ளது. விரும்பிச் சென்று, ஓடி மகிழ்ந்து, தன் வீட்டுக்குத் திரும்பி வரும் பயணம் இச்சமூகத்திற்கு ஒரு புதிய உரிமையாகும். ஆடம்பரம் என்று அதை ஒதுக்கிவிட முடியாது என்பதே எமது நிலைப்பாடு.

இவ்விடத்தில் கசப்பான உண்மையொன்றையும் மறைப்பதற்கில்லை. 2004 செப்டெம்பரில் இலங்கைத் தேசிய கைப்பந்து அணி என்ற பெயரில் ஜேர்மனி சென்ற 23 பேர் அங்கு காணாமற் போயினர். அப்படியொரு தேசிய அணியே நாட்டில் இருக்கவில்லை என்பது பின்னரே உலகிற்குத் தெரியவந்தது. 2022இல் பொருளாதார நெருக்கடி உச்சத்திலிருந்தபோது, பேர்மிங்ஹாம் பொதுநலவாய விளையாட்டு விழாவுக்குச் சென்ற இலங்கைக் குழுவில் பத்துப் பேர் திரும்பி வரவில்லை. அதே விழாவில்தான் 100 மீற்றர் ஓட்டத்தில் யுபுன் அபேகோன் வெண்கலப் பதக்கம் வென்றார். அதற்கு முன்னைய மாதம் அவர் 9.96 செக்கனில் ஓடி, பத்துச் செக்கனுக்குள் ஓடிய முதலாவது தெற்காசியர் என்ற பெருமையையும் பெற்றிருந்தார். தப்பியோடிய ஒவ்வொருவரும் அடுத்து வரும் நேர்மையான ஓட்டவீரர்களின் விண்ணப்பத்தின் மீது சந்தேக நிழலொன்றை விட்டுச் செல்கின்றனர். அந்த நிழல், சொத்தும் சிபாரிசும் இல்லாத தோட்டத்துப் பிள்ளையின் மீதே மிகக் கனமாக விழுகின்றது.

இந்தச் சந்தேகத்தைக் காசாக்கும் தரகர்களும் உளர். 'விளையாட்டு விசா' பெற்றுத் தருவதாகவும், ஓட்டம் முடிந்ததும் அங்கேயே வேலை தேடிக்கொள்ளலாம் எனவும் ஆசை காட்டுவோரிடம் இளைஞர்கள் மிகுந்த எச்சரிக்கையோடு இருத்தல் வேண்டும். வருகை விசாவில் ஓமானுக்கு அழைத்துச் செல்லப்பட்ட பெண்கள் பட்ட துன்பம் 2022இல் வெளிவந்தது. வேலை தருவதாக ஏமாற்றப்பட்டு மியன்மாரின் இணைய மோசடி முகாம்களில் சிக்கிய இலங்கையரின் அவலத்தையும் நாடு அறியும். வருகை விசாவில் சென்று தொழில் புரிவது சட்டவிரோதமானது. அவ்வாறு சென்றவருக்கு ஆபத்து வேளையில் சட்டத்தின் பாதுகாப்பும் குறைவு. நகை அடகு வைத்தும் வட்டிக்குக் கடன்பட்டும் தரகரின் கையில் கொடுக்கும் பணம், பெரும்பாலும் குடும்பத்தின் ஒரே சேமிப்பாகவே இருக்கும்.

ஒருவரின் பெயரும் பத்திரமும் எத்துணை பெறுமதியானவை என்பதற்கு உலகப் புகழ்பெற்ற ஓட்டவீரர் மோ ஃபராவின் வாழ்வே சான்று. 2012 லண்டனிலும் 2016 ரியோவிலும் 5,000 மீற்றர், 10,000 மீற்றர் ஆகிய இரண்டிலும் ஒலிம்பிக் தங்கம் வென்ற அவர், தாம் சிறுவனாக இருக்கையில் வேறொரு பிள்ளையின் பெயரில் பிரித்தானியாவுக்குக் கடத்தி வரப்பட்டதை 2022இலேயே வெளிப்படுத்தினார். உலகமே அறிந்த அந்தப் பெயர் அவருக்குப் பெற்றோர் இட்ட பெயர் அன்று. ஹுசைன் அப்தி காஹின் என்பதே அவரது இயற்பெயர். நான்கு தங்கங்களை வென்றவருக்கும் தமது சொந்தப் பெயரைச் சொல்ல அத்தனை ஆண்டுகள் தேவைப்பட்டன எனில், பொய்யான பத்திரத்தோடு புறப்படும் சாதாரண இளைஞர் ஒருவரின் நிலையை நாம் எண்ணிப் பார்க்க வேண்டும்.

அப்படியாயின் நேர்மையான வழி யாது? முதலாவதாக, அமெரிக்காவையும் பாரிஸையும் விட அருகிலுள்ள கதவுகளைத் தட்டலாம். குறுகியகால வருகைக்காகச் சிங்கப்பூர் செல்லும் இலங்கையருக்கு முன்கூட்டிய விசா அவசியமில்லை. அங்கு ஆண்டின் இறுதியில் பெரும் மரதன் ஓட்டம் நடைபெற்று வருகின்றது. ஓட்டம் முடிந்தபின் சென்டோசா தீவின் பூங்காவையும் கண்டு வரலாம். ஜனவரியில் இடம்பெறும் சென்னை மரதனோ செலவிலும் மொழியிலும் எமக்கு இன்னும் நெருக்கமானது. இந்தியாவுக்கான சுற்றுலா விசாவை இணையவழியில் பெறும் வசதியும் இலங்கையருக்கு உண்டு. இவ்வாறு சென்று உரிய காலத்தில் திரும்பிய முத்திரைகள் கடவுச்சீட்டில் சேரச் சேர, தூர நாடுகளின் விசா அதிகாரிகளிடம் காட்டுவதற்கு ஒரு சான்றும் சேர்கின்றது.

இரண்டாவதாக, கூட்டாகச் சென்று கூட்டாகத் திரும்பும் மரபு எம்மிரு சமூகங்களுக்கும் புதியதன்று. பதுளை நகரிலும் குருத்தலாவையிலும் வாழும் முஸ்லிம் மக்கள் ஆண்டாண்டு காலமாகச் சேமித்து, அங்கீகாரம் பெற்ற முகவர்களின் ஊடாக ஹஜ், உம்ரா கடமைகளை நிறைவேற்றித் திரும்புகின்றனர். மலையகத் தமிழர் குருசாமியின் தலைமையில் மாலையணிந்து சபரிமலைக்குச் சென்று வருகின்றனர். அங்கே ஒவ்வொருவருக்கும் ஊரே பிணை. குழுத்தலைவருக்குப் பொறுப்புண்டு, கணக்கு வெளிப்படையானது. இதே ஒழுங்கில், தமிழ், முஸ்லிம் இளைஞர்கள் இணைந்த ஓட்டக் கழகமொன்று மாதச் சந்தாவில் நிதி திரட்டி, ஆண்டுக்கு இருவரையேனும் அனுப்பி வைக்க முடியும். அவ்விருவரில் ஒருவர் யுவதியாக இருத்தல் வேண்டும் என்பதையும் வலியுறுத்துகின்றோம். 2012 லண்டன் ஒலிம்பிக்கில் சவூதி அரேபியாவின் சாரா அத்தார் தலையை மறைத்த உடையோடு 800 மீற்றர் ஓடினார். அவர் இறுதியாகவே வந்து சேர்ந்தார். ஆயினும் அரங்கமே எழுந்து கரகோஷம் செய்தது. உடையும் நம்பிக்கையும் ஓட்டத்திற்குத் தடையல்ல என்பதை அன்று உலகம் கண்டது.

மூன்றாவதாக, அதிகாரிகளின் கடமை உண்டு. பிரதேச செயலகங்கள் தோட்டங்களுக்கே சென்று பிறப்புச் சான்றிதழ், அடையாள அட்டைகளிலுள்ள பெயர்ப் பிழைகளைத் திருத்தும் நடமாடும் சேவைகளை ஒழுங்காக நடத்த வேண்டும். காணி உறுதியும் தனியான வீட்டு முகவரியும் வழங்கப்படுவது வாக்குறுதியாகவே நின்றுவிடக் கூடாது. 2014 ஒக்டோபர் 29இல் கொஸ்லந்த மீரியபெத்தையில் லயன்களோடு மனித உயிர்களும் மண்ணுள் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியின்போது பதுளை மாவட்டம் மீண்டும் பெரும் மண்சரிவுகளைச் சந்தித்தது. பாதுகாப்பான நிலத்தில் ஒரு வீடு என்பது முதலில் உயிரைக் காப்பது. பின்னர் அதுவே ஒருவர் திரும்பி வருவார் என்பதற்கான அத்தாட்சியாகவும் அமைகின்றது.

இறுதியாக ஒன்று. நாம் மாத்திரமே வெளியே சென்று ஓட வேண்டுமென்பதில்லை, உலகமும் இங்கு வந்து ஓடலாம். 1890இல் தோமஸ் லிப்டன் நிறுவிய தம்பேதன்னை தேயிலைத் தொழிற்சாலையிலிருந்து, அவர் பெயரால் வழங்கும் மலையுச்சி வரையிலான ஏறத்தாழ 7 கிலோ மீற்றர் பாதையில் உல்லாசப் பயணிகள் இன்றும் நடந்து ஏறுகின்றனர். மாகாண விளையாட்டுத்துறையும் தோட்டக் கம்பனிகளும் உள்ளூர்க் கழகங்களும் கைகோர்த்தால், அப்பாதையில் ஆண்டுதோறும் ஒரு சர்வதேச ஓட்டத்தை நடத்துவது இயலாத காரியமன்று. அந்த ஓட்டத்தில் எமது பிள்ளைகள் கட்டணமின்றி ஓடவும், அதன் வருமானத்தில் ஒரு பங்கு அவர்களது வெளிநாட்டுப் பயண நிதிக்குச் சேரவும் வழி செய்யப்பட வேண்டும்.

இரு நூற்றாண்டுகளாக இம்மலைகளைப் பயிராக்கியவர்களின் பேரப்பிள்ளை ஒருவர், தன் சொந்தப் பெயர் பொறித்த கடவுச்சீட்டோடு புறப்பட்டு, ஓடி முடித்து, தன் சொந்த முகவரிக்குத் திரும்பி வர வேண்டும். கழுத்தில் பதக்கம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன. அந்த முகவரியை உறுதி செய்து கொடுப்பதே ஆட்சியிலிருப்போரின் பொறுப்பாகும். அதை நம்பித் திரும்பி வருவது ஓடச் செல்லும் பிள்ளைகளின் பொறுப்பாகும்.