காற்றாலையும் ஊரார் மறுப்பும்

காற்றினின்று மின்வலுப் பெறுதல் நன்றென்பதை மறுப்பார் மிகச் சிலரே. ஆயின், மன்னார்த் தீவு மக்கள் காற்றாலையை எதிர்த்தமை எக்காரணம் பற்றியது என்பது ஆராயற்பாலது.

தீவின் தென்கரை சோளகக் காற்றுத் தடையின்றி வீசும் தாழ்நிலமாதலின், 30 காற்றாலைகள் கொண்ட தம்பபவனி நிலையம் 2020 ஆம் ஆண்டிலே அங்கு இயங்கத் தொடங்கியது. மேலும் காற்றாலைகளை நிறுவ முற்பட்டபோது, 2025 ஆகஸ்ட் மாதத்திலே ஊரார் திரண்டெழுந்தனர். அரசு பணியை ஒரு மாதம் நிறுத்திவைத்தது. பாதைகளுக்காக நிலம் உயர்த்தப்பட்டமையால் மழைவெள்ளம் வடிய வழியின்றித் தேங்குகின்றது என்பதும், மீன்பிடி குன்றுகின்றது என்பதும், வலசைப் பறவைகளுக்கு ஊறு நேரும் என்பதும் அவர்தம் கூற்றாகும்.

ஆகவே, அவர் மறுத்தது காற்றையன்று, இடத்தையும் முறையையுமே. மின்சாரத்தின் பயன் நாடெங்கும் பரவ, அதன் இடர் ஓரூரிலே தங்கிவிடுகின்றது. இதனை உணர்ந்த டென்மார்க்கு நாடு, புதிய காற்றாலையின் பங்குகளில் 20 வீதத்தையேனும் அயலவர்க்கு விற்க முன்வரல் வேண்டுமென 2008 இலே சட்டம் இயற்றிற்று. பங்கு அளித்தல் மட்டும் போதாது. காற்றாலைக்குரிய நிலம் எது, குடியிருப்புக்கும் நீரோட்டத்துக்கும் உரிய நிலம் எது என ஊராரைக் கேட்டு முன்னரே வகுத்தல் வேண்டும். அத்திவாரமிட்ட பின்னர்க் கருத்துக் கேட்பின், ஊரார்க்கு எஞ்சுவது தெருவில் இறங்கி நிற்றல் ஒன்றேயாம்.