மெல்போர்னில் தொடங்கிய 2025 எஃப்1 சீசன்... 20 டிரைவர்களில் ஒரு இந்தியர்கூட ஏன் இல்லை?

பொங்கலுக்கு உடன்குடி போயிருந்தேன். வீட்டுத் திண்ணையில் கருப்பட்டிக் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, 17 வயது சித்தப்பா பையன் போனை நீட்டினான். துபாய் 24 மணி நேர ரேஸ் முடிந்ததும் அஜித் தேசியக் கொடியோடு கொண்டாடும் வீடியோ.

“அண்ணே, ரேஸர் ஆகணும்னா எங்க போயி சேரணும்?”

சிரிப்பு வந்துச்சு, பதில் வரலை. அடுத்து அவன் காட்டினது அவனோட ரீல்ஸ். குலசை ரோட்டில் பைக்கின் முன்சக்கரத்தைத் தூக்கிக்கிட்டுப் போறான். தலையில் ஹெல்மெட் இல்லை. லைசென்ஸ் வாங்க வயசும் இல்லை.

மார்ச் 16-ம் தேதி, ஞாயிறன்று, 2025 ஃபார்முலா 1 சீசன் மெல்போர்னில் தொடங்கியது. 10 அணிகள், 20 டிரைவர்கள், 24 ரேஸ்கள். தம்பிக்குச் சொல்ல வேண்டிய பதிலைத் தேட அதுதான் சரியான நேரமாக இருந்தது.

நம்ம ஆளுங்க ஓட்டினதே இல்லையா?

ஓட்டியிருக்காங்க. 2005 மார்ச்சில், இதே மெல்போர்னில்தான் கோவையைச் சேர்ந்த நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக அறிமுகமானார். எஃப்1-ல் ஓட்டிய முதல் இந்தியர் அவர்தான். அடுத்தவர் சென்னையின் கருண் சந்தோக், 2010-ல் வந்தார். அதாவது, எஃப்1-ல் ஓட்டிய இரண்டு இந்தியர்களுமே தமிழ்நாட்டுக்காரர்கள். நரேன் கடைசியாக ஓட்டியது 2012 சீசனில். அதுக்கப்புறம் யாரும் இல்லை.

2011 முதல் 2013 வரை கிரேட்டர் நொய்டாவில் இந்தியன் கிராண்ட் பிரி நடந்தது. மூன்றையும் ஜெயித்தவர் செபாஸ்டியன் வெட்டல். வரிப் பிரச்சினையில் அதுவும் நின்றுபோச்சு.

டிராக் இல்லாததுதான் பிரச்சினையா?

தமிழ்நாட்டைப் பொறுத்தவரை, இல்லை. ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் ஒரு டிராக், கோவை செட்டிப்பாளையத்தில் கரி மோட்டார் ஸ்பீட்வே. சென்னையின் மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப் 1953-ல் தொடங்கியது. அந்தக் காலத்தில் சோழவரம் விமான ஓடுதளத்தில் ரேஸ் நடக்கும். 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1-ல் சென்னை தீவுத்திடலைச் சுற்றி 3.5 கி.மீ. தெருவில் இரவு ரேஸே நடந்தது.

ஆனா உடன்குடியிலிருந்து பார்த்தால்? கோவை டிராக் சுமார் 400 கி.மீ. இருங்காட்டுக்கோட்டை 600 கி.மீ.க்கும் மேல. பக்கத்து குலசேகரப்பட்டினத்தில் ராக்கெட் ஏவுதளம் வருது, ரேஸ் டிராக்குக்கு மட்டும் ராத்திரி பஸ் பிடிக்கணும்.

அப்போ எங்கதான் சிக்குது?

ஏணியில். எஃப்1 காரில் உட்கார ‘சூப்பர் லைசென்ஸ்’ வேணும். அதுக்கு மூன்று சீசனில் 40 புள்ளிகள் சேர்க்கணும். எஃப்4 சாம்பியன் ஆனால் 12 புள்ளிகள்தான். அங்கிருந்து ஃபார்முலா ரீஜனல், எஃப்3, எஃப்2 என்று ஏறணும். எஃப்2-ல் முதல் மூன்று இடத்துக்குள் வந்தால் மொத்தமாக 40 கிடைக்கும்.

எஃப்4 நம்ம ஊரிலேயே நடக்குது. அதுக்கு மேல உள்ள படிகளுக்குப் பெரும்பாலும் ஐரோப்பாதான். ஒரு எஃப்2 சீசன் ஓட்ட நம்ம மதிப்பில் பல கோடி ரூபாய் ஆகும். சம்பளம் வாங்கிக்கிட்டு ஓட்டுற கட்டம் வரும்வரை அந்தப் பணத்தைக் குடும்பமோ ஸ்பான்சரோதான் போடணும். நரேனின் அப்பா பிரபல ராலி வீரர். கருணின் தாத்தா மெட்ராஸ் கிளப்பைத் தொடங்கியவர்களில் ஒருவர். திறமை இல்லாமல் அவர்கள் ஜெயிக்கலை. ஆனா முதல் படி அவர்களுக்கு வீட்டுக்குள்ளேயே இருந்தது.

பெங்களூரு குஷ் மைனியைப் பாருங்க. 2024 எஃப்2-ல் இன்விக்டா அணியில் அவருடைய பார்ட்னர் பிரேசிலின் கேப்ரியல் போர்டோலெட்டோ. சாம்பியன் ஆன போர்டோலெட்டோ 2025-ல் சாபர் அணிக்காக எஃப்1-ல் ஓட்டினார். 13-வது இடத்தில் முடித்த குஷ், 2025-லும் மறுபடியும் எஃப்2 ஓட்டினார். கூடவே 2025-ல் ஆல்பைன் எஃப்1 அணியின் ரிசர்வ் டிரைவர்களில் ஒருவராகவும் இருந்தார். அப்போது எஃப்1-க்கு மிகப் பக்கத்தில் இருந்த இந்தியர் இவர்தான்.

அஜித் எப்படிப் போனார்?

அது வேற ரூட். துபாயில் நடந்தது எண்டியூரன்ஸ் ரேஸ். ஒரே காரை நாலைந்து பேர் மாறி மாறி 24 மணி நேரம் ஓட்டுவாங்க. அஜித்குமார் ரேஸிங் அணி 992 பிரிவில் மூன்றாம் இடம் பிடித்தது. பயிற்சியில் விபத்தைச் சந்தித்த அஜித், அந்தக் காரை ஓட்டாமல் ஜிடி4 பிரிவில் வேறொரு காரை ஓட்டினார். இந்த வகை ரேஸில் அனுபவக்காரர்களுக்கும் இடம் உண்டு. ஆனா அவருக்கும் இது திடீர்னு வந்ததில்லை. 2004-ல் பிரிட்டிஷ் எஃப்3, 2010-ல் எஃப்2 என்று ஏற்கெனவே ஓட்டியவர்.

சாதாரண வீட்டுப் பையனுக்கு வழியே இல்லையா?

இருக்கு, இரண்டு சக்கரத்தில். டிவிஎஸ் 1982-லேயே ரேஸிங் அணி தொடங்கியது. (அந்தக் குழுமத்தை நிறுவிய டி.வி.சுந்தரம் ஐயங்கார் நம்ம திருக்குறுங்குடிக்காரர்.) ‘ஒன் மேக்’ போட்டிகளில் எல்லாருக்கும் ஒரே மாதிரி ரேஸ் பைக், அதையும் கம்பெனியே தயார் பண்ணிக் கொடுக்குது. தேர்வுச் சுற்றில் உங்க வேகத்தைக் காட்டணும். பெண்களுக்கும் தனிப் பிரிவு உண்டு.

ஓட்டுறது மட்டும்தான் ரேஸிங்னு இல்லை. மெக்கானிக், டேட்டா இன்ஜினீயர் இல்லாமல் ஒரு அணியும் நகராது. கொடி காட்டும் மார்ஷல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள். டிராக்கை உள்ளேயிருந்து பார்க்க அது ஒரு நல்ல வழி.

டிராக்கிலும் ஆபத்து இருக்கு. 2023 ஆகஸ்டில் இருங்காட்டுக்கோட்டை பைக் ரேஸில் 13 வயது பெங்களூரு சிறுவன் ஒருவன் விழுந்து உயிரிழந்தான். ஹெல்மெட், ரேஸ் சூட், ஆம்புலன்ஸ், மார்ஷல் எல்லாம் இருந்தும் இந்த நிலை. குலசை ரோட்டில் இதில் எது இருக்கு?

சட்டமும் சும்மா விடாது. 18 வயது ஆகாதவர் வண்டி ஓட்டிச் சிக்கினால் பெற்றோருக்கு அல்லது வண்டி ஓனருக்கு 25,000 ரூபாய் அபராதம், 3 ஆண்டு வரை சிறை.

இதையெல்லாம் போன வாரம் தம்பிக்கு வாய்ஸ் நோட்டாக அனுப்பினேன். அரை மணி நேரம் கழித்துப் பதில் வந்தது: “சரிண்ணே. இப்ப மொதல்ல என்ன செய்யணும்?”

எஃப்1 சூப்பர் லைசென்ஸ் வாங்கவே சாதாரண டிரைவிங் லைசென்ஸ் கட்டாயம். ஜூனில் அவனுக்கு 18 ஆகுது. முதல்ல எல்எல்ஆர் போடச் சொல்லியிருக்கேன். அதுவரைக்கும் பைக் சாவி சித்தப்பாகிட்ட இருக்கும். அடுத்து கோவையில் ரேஸ் நடக்கும்போது ரெண்டு பேரும் பஸ் ஏறுறோம்.