பன்னிரண்டாம் முரப்பா, ஏழாம் கில்லா

லூதியானா மாவட்டத்துக் கிராமக் கிளை ஒன்றுக்கு மாற்றலாகிச் சென்ற முதல் வாரத்தில் ஒரு விவசாயக் கடன் விண்ணப்பம் வந்தது. நில விவரம் என்ற இடத்தில் '12//7' என்று மட்டுமே எழுதியிருந்தது. சர்வே எண்ணும் உட்பிரிவும் பார்த்துப் பழகிய எனக்கு, நிலத்தைப் பார்வையிடச் சென்றபோதுதான் அதன் பொருள் விளங்கியது: பன்னிரண்டாம் முரப்பாவில் ஏழாவது கில்லா.

கில்லா என்பது ஓர் ஏக்கர். 220 அடி நீளம், 198 அடி அகலம். நெடுக்கே ஐந்து, குறுக்கே ஐந்து என 25 கில்லாக்கள் கொண்டது ஒரு முரப்பா. வரப்புகள் அளவுகோல் வைத்துக் கீறியதுபோல் நேராக ஓடுகின்றன. வாய்க்காலும் வண்டிப்பாதையும் அவற்றை ஒட்டியே திரும்புகின்றன.

இந்த ஒழுங்கு தானாக வந்ததன்று. தலைமுறைதோறும் வாரிசுகள் பங்கு பிரித்ததில், ஒருவருடைய நிலமே ஊரைச் சுற்றிப் பல துண்டுகளாகச் சிதறிக் கிடந்தது. 1920களில் கூட்டுறவுச் சங்கங்கள், உடன்பட்டவர்களின் துண்டுகளை ஒன்றுசேர்க்க முயன்றன. 1948-ஆம் ஆண்டின் கிழக்குப் பஞ்சாப் நில ஒருங்கிணைப்புச் சட்டம் அப்பணியைக் கட்டாயமாக்கியது. ஊர் நிலமெல்லாம் தரத்துக்கேற்ப மதிப்பிடப்பட்டு மறுபடி பங்கிடப்பட்டது. பொதுப் பாதைகளுக்கும் இடம் ஒதுக்கப்பட்டது.

சிதறிய துண்டுகள் ஒவ்வொன்றிலும் ஆழ்துளைக் கிணறு போடுவது கட்டுப்படியாகாது. ஒரே இடத்து நிலத்தில் போடலாம், அதற்குக் கடனும் கேட்கலாம். பசுமைப் புரட்சிக்கு விதையையும் உரத்தையும் காரணம் காட்டுவோர், இந்த நேர்கோடுகளை மறந்துவிடுகிறார்கள் என்பது என் எண்ணம். கிணற்றடியில் மோட்டார் அறை எழுந்தது. சிலர் அதனருகிலேயே வீடு கட்டிக் குடியேறினர்.

ஊருக்குள் நிலைமை வேறு. வரைபடத்தில் குடியிருப்புப் பகுதியைச் சிவப்புக் கோட்டால் வளைத்து 'லால் லகீர்' என்றனர். அங்கே நிலவரி இல்லை. ஆகவே வீடுகளுக்குத் தனித்தனி உரிமைப் பதிவும் இல்லை. வயலை ஈடாக ஏற்ற எங்களால் அதே விவசாயியின் வீட்டை ஏற்க இயலவில்லை. 2020-இல் மத்திய அரசு தொடங்கிய ஸ்வாமித்வா திட்டம், ட்ரோன் மூலம் அளந்து இத்தகைய வீடுகளுக்குச் சொத்து அட்டை வழங்குகிறது.

வயலிலோ பழைய கதை மீண்டும் தொடங்கிவிட்டது. வேளாண் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் சராசரி நில உடைமை 1970-71-இல் 2.28 ஹெக்டேர், 2015-16-இல் 1.08 ஹெக்டேர்.

அந்த ஏழாம் கில்லா மூன்று சகோதரர்களின் கூட்டுக் கணக்கில் இருந்தது. கடன் கேட்டவர் மூத்தவர். தந்தை விட்டுச்சென்ற நிலங்களில் சாலையோரம் இருந்தது அது ஒன்றே என்பதால், மூவருக்கும் சாலை முகப்பு வேண்டும். 198 அடியை மூன்றாக்கினால் ஆளுக்கு 66 அடி. நடுப் பங்கில் தந்தை போட்ட கிணறு. பாகம் பிரியாமல் கடன் வழங்க எனக்கு மனமில்லை. நிலத்தைப் பிரித்துவிட்டு நீரைப் பேசாமல் விடவும் மனமில்லை. 1887-ஆம் ஆண்டின் நிலவருவாய்ச் சட்டப்படி, பங்குதாரர் எவரும் வருவாய் அதிகாரியிடம் பிரிவினை கோரலாம். மூவரும் சேர்ந்தே சென்றனர். யாருக்கு எந்த நாளில் தண்ணீர், மின்மோட்டார் பழுதுக்கு யார் செலவு, டிராக்டர் எந்த வழியாகத் திரும்புவது என்பதையெல்லாம் எழுதிக் கையொப்பமிட்டனர்.

நான் அங்கிருந்து மாற்றலாகும் முன் மூத்தவரின் கடன் கோப்பு மீண்டும் மேசைக்கு வந்தது. நில விவரத்தில் இம்முறை 12//7/1 என்றிருந்தது.