சுடுதண்ணி வருது, விலகுங்க

மட்டக்குளியில் நாங்கள் இருந்த லைன் வீட்டில் குசினியிலிருந்து முன்னறைக்கு வர ஒரேயொரு ஒடுங்கிய நடைதான். ஒருவர் வந்தால் மற்றவர் சுவரோடு ஒட்டி நிற்க வேண்டும். கேத்தலைத் தூக்கிக்கொண்டு அம்மா அந்த நடையில் கால் வைக்கும் முன்பே குரல் வந்துவிடும்: "சுடுதண்ணி, சுடுதண்ணி! சுவரோட நில்லுங்க!" விளையாட்டு அப்படியே நின்றுபோகும். பக்கத்து வீட்டுப் பிள்ளைகளும் சேர்ந்து முதுகைச் சுவரில் ஒட்டிக்கொள்வோம். ஆவி விடும் கேத்தல் எங்கள் மூக்குக்கு முன்னால் கடந்து போகும்.

இது எண்பதுகளின் கதை. மண்ணெண்ணெய்த் திரி அடுப்பு. திரியைக் கத்தரித்துச் சமப்படுத்தாவிட்டால் கேத்தலின் அடி கரி பிடித்து, வீடு முழுக்க மணக்கும். முதல் கொதி ஃபிளாஸ்க்குக்குப் போகும். அதற்கும் ஒரு முறை உண்டு. முதலில் கொஞ்சம் சுடுதண்ணி ஊற்றி, குலுக்கி, உள்ளே இருக்கும் கண்ணாடியைச் சூடு பழக்கிவிட்டுத்தான் முழுவதும் ஊற்றுவார் அம்மா. தக்கை தளர்ந்தால் பழைய சீலைத்துண்டைச் சுற்றி இறுக்குவார். இரண்டாவது கொதி குடிப்பதற்கு. மூடி வைத்து ஆறவிட்ட அந்தத் தண்ணீருக்குக் "கொதிச்சாறின தண்ணி" என்று பெயர். கொழும்புக் குழாய்த் தண்ணீர் களனி ஆற்றிலிருந்து எடுத்து அம்பத்தளையில் சுத்திகரித்து வருவதுதான். ஆனாலும் அந்த ஆறு கடலில் கலக்கும் முனையில், காக்கைதீவுக்குப் பக்கத்தில் இருந்துகொண்டு, வெள்ளம் வடிந்த நாட்களில் பைப்படித் தண்ணீரை அப்படியே குடிக்கக் கொடுக்க எந்தத் தாய்க்கும் மனம் வரவில்லை.

அந்தக் காலம் பத்திரமான காலம் என்று சொல்ல மாட்டேன். ஒரு மாலை ஃபிளாஸ்க் சரிந்து தங்கச்சியின் காலில் கொட்டியது. ஓடி வந்தவர்கள் பற்பசையை அப்பினார்கள். இன்றைக்கும் அவளுடைய கணுக்காலில் அந்தத் தழும்பு இருக்கிறது. ஆனால் ஒன்று: அன்றைய சுடுதண்ணி சொல்லிக்கொண்டுதான் வரும். நெருப்பு தெரியும், கேத்தல் மூடி தடதடக்கும், ஆவி எழும், அம்மாவின் குரலும் கேட்கும்.

இப்போது அம்மா ஹேனமுல்லைப் பக்கம் ஒரு தொடர்மாடியில் இருக்கிறார். அந்தத் தங்கச்சிதான் அவருக்கு 'ஹொட் வோட்டர் டிஸ்பென்சர்' வாங்கிக் கொடுத்தாள். பள்ளிக்கூடப் பை அளவு பெட்டி, பின்னால் கழற்றக்கூடிய தண்ணீர்த் தொட்டி. பட்டனைத் தொட்டால் உள்ளே ஒரு சிறு பம்ப் தண்ணீரைச் சூடாக்கியின் ஊடாகத் தள்ளுகிறது. வெளியே வரும்போது கொதிநிலையை நெருங்கிவிடுகிறது. கணக்குப் போட்டுப் பார்த்தேன். 28 பாகையில் இருக்கும் கால் லீற்றர் தண்ணீரை 100க்கு ஏற்ற ஏறக்குறைய 75 கிலோஜூல் சக்தி வேண்டும். 2500 வாட் பெட்டிக்கு அது 30 செக்கன் வேலை. ஒரு யூனிட் கரண்டில், இழப்புகளைக் கழித்தாலும், 10 லீற்றருக்குக் குறையாமல் சூடாக்கலாம். ஒரு பிளேன்டீக்காகக் கேத்தல் நிறையக் கொதிக்கவைப்பதை விட இது சிக்கனம்தான்.

வாங்கப் போகும்போது ஒன்றைக் கவனியுங்கள். புறக்கோட்டை முதலாம் குறுக்குத் தெருவில் டிஸ்பென்சர் என்று கேட்டால் மூன்று வெவ்வேறு சாமான்களைக் காட்டுவார்கள். பெரிய தண்ணீர்ப் போத்தலைத் தலையில் கவிழ்க்கும் ஸ்டாண்ட் ஒன்று. அதன் சிவப்புக் குழாயில் வருவது தேத்தண்ணிக்குப் போதுமான சூடே தவிர, கொதித்த தண்ணீர் அல்ல. நாலைந்து லீற்றரைக் கொதிக்கவைத்து நாள் முழுக்கச் சூடாக வைத்திருக்கும் மின்சார ஃபிளாஸ்க் இன்னொன்று; ஆட்கள் நிறைந்த வீட்டுக்கு அது நல்லது, ஒருவர் இருவருக்கு வீண் செலவு, சரிந்தால் அத்தனையும் சுடுதண்ணி. மூன்றாவதுதான் அம்மாவிடம் இருப்பது. அதில் சூடான தண்ணீர் தேங்கி நிற்பதில்லை என்பது பெரிய நன்மை. ஆனால் தண்ணீர் குமிழிவிட்டுக் கொதிப்பதும் இல்லை. ஆகவே கொதிச்சாறின தண்ணியின் வேலையை அது செய்யும் என்று நம்பக்கூடாது. தொட்டியில் ஊற்றும் தண்ணீர் குடிக்கத் தகுந்ததாக முன்பே இருக்க வேண்டும். நாலு நாள் வீட்டில் இல்லாவிட்டால் தொட்டியைக் கவிழ்த்துக் காயவிட்டுப் போங்கள்.

அதைவிட முக்கியம் பிளக். 2500 வாட் என்றால் நமது 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 11 அம்பியர். பழைய வட்டமுனை 5 அம்பியர் பிளக் தாங்குவது 1150 வாட். 13 அம்பியர் சதுரமுனைப் பிளக்கை நாட்டின் நியமமாக்கி, 2018இல் வட்டமுனை விற்பனைக்குத் தடை வந்தது. ஆனால் மட்டக்குளியின் பழைய வீடுகளில் சுவரில் இருப்பது இன்னும் அதேதான். அதில் ஓர் அடப்டரைச் செருகி, அடப்டரில் மல்டி பிளக், மல்டி பிளக்கில் டிஸ்பென்சரும் ரைஸ் குக்கரும். இப்படிச் செய்யாதீர்கள் என்று கையைப் பிடித்துச் சொல்வேன். பிளக் சூடாகிறதா, பழுப்பேறுகிறதா, ஒரு மாதிரி மணக்கிறதா என்று கையாலும் கண்ணாலும் பாருங்கள். வயர்மனைக் கூப்பிட்டுத் தனி 13 அம்பியர் பொயின்ட், எர்த்தோடு போடச் செய்யுங்கள். ட்ரிப் சுவிட்சில் இருக்கும் சோதனைப் பட்டனை மாதம் ஒருமுறை அமத்தினால் கரண்ட் விழ வேண்டும். விழாவிட்டால் உடனே மாற்ற வேண்டும்.

பெட்டியை எங்கே வைப்பது? தங்கச்சி முதலில் சாப்பாட்டு மேசை ஓரத்தில்தான் வைத்தாள். அவளுடைய மூன்று வயது மகள் கதிரையில் ஏறினால் கைக்கு எட்டும் இடம். பச்சை விளக்கு எரியும் பட்டன் பிள்ளைக்கு விளையாட்டுச் சாமான் போலத்தானே தெரியும்? 60 பாகைத் தண்ணீரே ஐந்தாறு செக்கனில் பெரியவரின் தோலை ஆழமாகச் சுடும். பிள்ளைத் தோலுக்கு அதைவிடக் குறைவான நேரம் போதும். இதில் வருவதோ 90க்கு மேல். பூட்டு, அதாவது சைல்ட் லொக், இரண்டு பட்டனைச் சேர்த்து அமத்தினால் அல்லது சில செக்கன் பிடித்தால் மட்டும் திறப்பதாக இருக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் தானாகவே மறுபடி பூட்டிக்கொள்ள வேண்டும். கடையிலேயே செய்துகாட்டச் சொல்லிக் கேளுங்கள்.

பால்மாவுக்கென்று 45 பாகைப் பட்டன் வைத்த பெட்டிகளும் உண்டு. கைக்குழந்தை இருக்கும் வீட்டில் அந்தப் பட்டனை நம்பிப் பால் கரைக்காதீர்கள். பால்மாவிலேயே கிருமி இருக்கலாம் என்பதால், 70 பாகைக்குக் குறையாத தண்ணீரில் கரைத்து, பிறகு ஆற்றிக் கொடுக்கச் சொல்கிறது உலக சுகாதார நிறுவனத்தின் 2007ஆம் ஆண்டு வழிகாட்டி.

தப்பித் தவறிச் சுட்டுவிட்டால் பற்பசை வேண்டாம், ஐஸும் வேண்டாம். உடுப்பையும் வளையலையும் கழற்றி, ஒட்டியிருந்தால் இழுக்காமல் விட்டு, ஓடும் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் பிடியுங்கள். சுத்தமான துணியால் மூடிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். 1990க்கு அழைத்தால் அம்புலன்ஸ் வரும். தங்கச்சிக்கு அன்று யாராவது இந்த 20 நிமிடத்தைச் சொல்லியிருந்தால் என்று இப்போதும் நினைக்கிறேன்.

ஃபிளாஸ்க்கை அம்மா எறியவில்லை. 2022 மார்ச் கடைசியில் 13 மணி நேரம் கரண்ட் வெட்டினார்கள். அடுத்த மாதம் 12.5 கிலோ காஸ் சிலிண்டர் 4,860 ரூபாவுக்கு ஏறியது, அதுவும் கிடைக்கவில்லை. பம்ப் ஓடவும் கரண்ட் வேண்டும் என்பதால் அந்தப் பெட்டி அன்றைக்கு வெறும் பெட்டி. கரண்ட் வந்த நேரம் பார்த்து ஃபிளாஸ்க்கை நிரப்பி வைத்தவர் அம்மா.

இப்போது பெட்டி குசினி மேடையின் உள்பக்கச் சுவரோரம் இருக்கிறது. போன ஞாயிறு போனபோது அம்மா பட்டனை அமத்தினார். முதலில் குழாய் ஆவியோடு கொஞ்சம் துப்பும் என்று தெரிந்து கையை விலக்கி வைத்திருந்தார். கோப்பையைத் தட்டில் வைத்தார். குசினியிலிருந்து நான் இருந்த கதிரைக்கு நாலடிதான் இருக்கும். "சுடுதண்ணி, சுடுதண்ணி!" என்று குரல் கொடுத்துக்கொண்டே வந்தார். தரையில் படம் கீறிக்கொண்டிருந்த பேத்தி கலர் பென்சிலைக் கீழே போட்டுவிட்டு எழும்பி, முதுகைச் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றாள்.