படுக்கை நிலையும் சுவாசமும்

மாணவர்களே, கந்தளாய்க் குளத்தின் மண் அணைக்கட்டு மேலே ஒடுங்கியும் அடியில் அகன்றும் இருப்பது ஏன்? ஆழம் கூடும்போது நீரின் அமுக்கமும் கூடுவதே காரணம் எனக் கற்றுள்ளீர்கள். இதே போன்ற ஒரு விளைவு தீவிர சிகிச்சைப் பிரிவில் உள்ள நோயாளியின் சுவாசப்பையிலும் ஏற்படுகின்றது.

1. சாதாரண உட்சுவாசம்
பிரிமென்றகடு சுருங்கித் தட்டையாகும். நெஞ்சறையின் கனவளவு கூடி, அமுக்கம் குறைய, வளி உட்செல்லும்.

2. செயற்கைச் சுவாசம்
இங்கு கருவியே வளியை அமுக்கத்துடன் உட்செலுத்துகின்றது. மயக்க மருந்து பெற்ற நோயாளியின் பிரிமென்றகடு பெரும்பாலும் தளர்ந்திருக்கும். எனவே வளி எளிதில் விரியக்கூடிய பகுதிக்கே கூடுதலாகச் செல்லும்.

3. மல்லாந்து படுக்கும்போது
கடும் சுவாசப்பை அழற்சியில் சிற்றறைகளில் திரவம் சேர்வதால் சுவாசப்பை பாரமாகும். இப்பாரத்துடன் இதயமும் வயிற்றறை உறுப்புகளும் முதுகுப்புறச் சிற்றறைகளை அழுத்த, அவை மூடிக்கொள்ளும். ஆனால் குருதி அப்பகுதிக்குத் தொடர்ந்து பாயும். வளி இல்லாத இடத்தில் பாயும் குருதி ஒட்சிசனைப் பெறாமலே திரும்பும்.

4. குப்புறப் படுக்கும்போது
முதுகுப்புறம் மேலே வருவதால் அங்குள்ள அழுத்தம் குறைந்து, மூடிய சிற்றறைகள் திறக்கும். குருதி பாயும் இடத்துக்கு வளியும் சேர்வதால் வாயுப் பரிமாற்றம் சிறக்கும்.

பிரான்சிலும் ஸ்பெயினிலும் கடும் பாதிப்புற்ற 466 நோயாளிகளிடம் செய்யப்பட்ட ஆய்வொன்று 2013இல் வெளியானது. மல்லாந்து படுத்தவர்களுள் 32.8% பேர் 28 நாட்களுக்குள் இறந்தனர். நாளொன்றுக்கு ஏறத்தாழ 16 மணித்தியாலங்கள் குப்புறப் படுக்கவைக்கப்பட்டவர்களுள் 16% பேரே இறந்தனர். 2020இல் பரவிய கொவிட்-19 நோயின்போது இம்முறை உலகெங்கும் பயன்பட்டது.

கவனிக்க: இது எல்லா நோயாளிகளுக்கும் உரியதன்று. வாதனாளியில் உள்ள குழாய் கழன்றுவிடாதவாறு, பயிற்சி பெற்ற பலர் சேர்ந்தே நோயாளியைத் திருப்புவர். ஏனையோருக்கு வழமையாகத் தலைப்பக்கம் 30°–45° உயர்த்தப்படும். இரைப்பையிலுள்ளவை சுவாசப் பாதையினுள் செல்வதை இது குறைக்கும்.

மாதிரி வினா
குப்புறப் படுக்கவைக்கும்போது நோயாளியின் குருதியில் ஒட்சிசன் கூடுவது ஏன்?

விடை
முதுகுப்புறச் சிற்றறைகள் மீதான அழுத்தம் குறைந்து அவை திறப்பதால், குருதி கூடுதலான சிற்றறைகளில் வளியுடன் வாயுப் பரிமாற்றம் செய்யும்.

“சுவாசப்பை பெரிதாவதால்” என எழுதினால் விடை தவறாகும். திறந்த சிற்றறையும் குருதியும் ஓரிடத்தில் சேர்வதே முக்கியம் என்பதை நினைவிற் கொள்க.