‘இத்தால்’ என்ன செய்கிறது?

‘இத்தால் சகலருக்கும் அறியத்தருவது’ என்று தொடங்கும் பத்திரிகை அறிவித்தலைப் பார்க்காதவர் நம்மில் குறைவு. காணி உறுதியிலும் சத்தியக் கடதாசியிலும் வரும் இந்த ‘இத்தால்’, ஆங்கிலத்து ‘ஹியர்பை’க்கு ஈடான சொல். “இது சும்மா எடுப்புக்குப் போடுறதுதானே சேர்?” என்று உயர்தர வகுப்பில் என்னிடம் கேட்பார்கள். அதைக் கொஞ்சம் விளக்க வேண்டியிருக்கிறது.

‘ஹியர்’ என்றால் இங்கே. ‘பை’ என்பதற்கு அருகில் என்றும், ஆல் என்றும் பொருள். ‘இங்கே பக்கத்தில்’ என்ற கருத்தும் ஒருகாலம் ‘ஹியர்பை’க்கு இருந்தது, அது வழக்கொழிந்துவிட்டது. இன்று எஞ்சியிருப்பது ‘இச்சொல்லால், இப்பத்திரத்தால்’ என்ற கருத்தே. நமது ‘இத்தால்’ என்பதிலும் மூன்றாம் வேற்றுமை ‘ஆல்’ கருவிப் பொருளில்தான் நிற்கிறது.

ஜே. எல். ஒஸ்ரின் என்ற ஆங்கிலேய மெய்யியலாளர் 1955இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய உரைகள் 1962இல் நூலாயின. செய்தி சொல்லும் வாக்கியத்தையும், சொல்வதாலேயே ஒரு செயலைச் செய்துவிடும் வாக்கியத்தையும் அவர் பிரித்துக் காட்டினார். பிரித்தறிய உதவும் அடையாளங்களில் ஒன்று ‘ஹியர்பை’. ‘இத்தால் பதவி விலகுகிறேன்’ பொருந்தும். ‘இத்தால் சோறு தின்கிறேன்’ பொருந்தாது.

நிக்காஹ் மஜ்லிஸை நினைத்துப் பாருங்கள். ‘மணமுடித்துத் தந்தேன்’, ‘ஏற்றுக்கொண்டேன்’ என்பவை முன்பு நடந்த சங்கதியைச் சொல்வதில்லை. சொல்லும்போதே காரியம் நடக்கிறது. அறபியிலும் ஈஜாப், கபூல் இரண்டும் இறந்தகால வினையில் வருவதே வழக்கம். ஆங்கிலம் தனிச்சொல்லால் உணர்த்துவதை அறபு வினையின் காலத்தால் உணர்த்துகிறது.

‘காணியை எழுதித்தர உடன்படுகிறேன்’ என்பது நாளைக்கான வாக்கு. ‘இத்தால் கையளிக்கிறேன்’ என்றால், இந்தப் பத்திரத்தாலேயே கொடுத்தாயிற்று என்று கருத்து. “இதில ஒரு ஒப்பம் வைங்க உம்மா” என்று வீட்டில் தாளை நீட்டும்போது, அந்தச் சொல்லுக்குப் பின்னால் என்ன வினை வருகிறது என்பதை ஒருக்கா வாசித்துக் காட்டுங்கள். பிறகு ஒப்பம் வைக்கட்டும்.