பொத்தானுக்கு அப்பால் ஒரு கதவு

குபெர்னெட்டீஸ் என்ற கிரேக்கச் சொல்லுக்கு மீகாமன் என்று பொருள். கொள்கலன்களாகக் கட்டப்பட்ட மென்பொருள்களைப் பல கணினிகளில் ஏற்றி, இறக்கி, நடத்தும் இந்த மீகாமனை 2014-இல் கூகுள் வெளியிட்டது. பொருத்தமான பெயர்தான்.

அக்கணினிகளின் தொகுதியே கிளஸ்டர். நாம் பயன்படுத்தும் செயலிகள் பலவும் இத்தகைய கிளஸ்டர்களில்தான் இயங்குகின்றன. அதை நிறுவுவது ஒருகாலத்தில் வல்லுநர்களின் வேலை. இன்று கூகுள் கிளவுடின் இணையப் பக்கத்தில் ஒரு பெயரிட்டு, மும்பை, தில்லி என்று இடத்தைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினால், சில நிமிடங்களில் கிளஸ்டர் ஆயத்தம். முதன்முறை அமைத்தபோது என் கவனம் முழுவதும் பெயர் சூட்டுவதிலேயே இருந்தது. யார் நுழையலாம் என்ற கேள்வி எழவே இல்லை.

நுழைவதும் எளிது. 'இணை' என்பதைச் சொடுக்கினால் ஒரு கட்டளை வரி கிடைக்கும். உலாவியிலேயே திறக்கும் முனையத்தில் அதை இயக்கியதும் நுழைவுச் சான்று பதிவாகிவிடும். அதன்பின் என்ன செய்யலாம் என்பது அந்தக் கணக்குக்கு அளித்த அதிகாரத்தைப் பொருத்தது. வசதி கருதி எல்லாருக்கும் முழு அதிகாரம் வழங்குவதைத்தான் நான் அஞ்சுகிறேன்.

டெஸ்லாவின் குபெர்னெட்டீஸ் நிர்வாகப் பலகை கடவுச்சொல்லே இன்றித் திறந்து கிடந்ததை ரெட்லாக் என்ற பாதுகாப்பு நிறுவனம் 2018 பிப்ரவரியில் வெளிப்படுத்தியது. உள்ளே புகுந்தோர் அமேசான் கிளவுட் கணக்கின் சான்றுகளையும் கண்டெடுத்தனர். டெஸ்லாவின் செலவிலேயே மெய்நிகர் நாணயம் தோண்டினர். ஐயம் எழாதபடி கணினிகளின் சுமையையும் குறைவாகவே வைத்திருந்தனர்.

அனுமதித்த முகவரிகளிலிருந்து மட்டுமே கட்டுப்பாட்டு மையத்தை அணுகலாம் என்று வரையறுக்கும் வசதி, கிளஸ்டரை உருவாக்கும் அதே பக்கத்தில் உண்டு. இப்போது அதை நிரப்பிய பின்னரே பொத்தானைத் தொடுகிறேன்.